தூண் தாங்கும் என்ற தைரியம்!



1995 ஜூன் 29. தென்கொரியத் தலைநகர் சியோலில் சம்பூங் என்ற ஐந்து மாடிப் பல்பொருள் அங்காடி மாலை ஆறு மணிக்குச் சற்று முன்பு சரிந்தது. 502 பேர் மாண்டனர். தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். பூகம்பம் இல்லை, புயல் இல்லை, குண்டும் வெடிக்கவில்லை. பிறகு ஏன் விழுந்தது?

கட்டடத்துக்குக் கணக்குப் போடும் பொறியாளர், வரக்கூடிய பாரத்துக்கு மேல் கூடுதல் பலம் வைக்கிறார். நம் நாட்டு விதியில் பாரத்தை ஒன்றரை மடங்காக்கித்தான் கணக்கே தொடங்குகிறது. இந்த உபரி முதலாளிக்குக் கிடைத்த தள்ளுபடியா? கலவையில் சிமெண்ட் குறையலாம், கம்பி இடம் மாறலாம், துரு ஏறலாம். அதற்காக ஒதுக்கிய அமானிதம் அது!

சம்பூங் முதலாளி அதில் கை வைத்தார். நான்கு மாடித் திட்டத்தின் மேல் ஐந்தாவதை ஏற்றினார். மறுத்த ஒப்பந்தக்காரரை விலக்கினார். எஸ்கலேட்டருக்காகத் தூண்கள் போயின. 80 செ.மீ. இருக்கவேண்டிய தூண்களில் சில 60 செ.மீ. ஆயின. ஐந்தாம் மாடியில் உணவகங்கள், அவற்றுக்குக் கனத்த கான்கிரீட் தரை. மொட்டை மாடியில் டன் கணக்கில் ஏ.சி. இயந்திரங்கள். 1993-ல் அவற்றை வேறு மூலைக்கு மாற்றியபோது கிரேன் வைத்துத் தூக்காமல் தளத்தின் மேலேயே இழுத்துப்போனார்கள், விரிசல் விழுந்தது.

சம்பவ நாள் காலையில் விரிசல்கள் பெரிதாயின. ஐந்தாம் மாடியை மூடினார்கள். கடையை மூடவில்லை. அன்றைய வியாபாரம் போய்விடுமே! தலைவர் லீ ஜூனுக்கு மேல்முறையீட்டில் ஏழரை ஆண்டு சிறை. 502 உயிருக்கு!

வணிகச் சகோதரர்களே! வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்றுதான் கணக்கு. சில்லறைக் கடைக்கு 400. மொத்த வியாபாரத்துக்கு 600-க்குக் குறையக்கூடாது. நாமோ மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்து குடோன் ஆக்குகிறோம். அரிசி மூட்டையை இடுப்பளவு அடுக்கினாலே 700 கிலோவைத் தாண்டும். ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒரு டன். இருபது வருஷமாக நிற்கிறதே என்கிறீர்களா? சம்பூங்கும் ஐந்து வருஷம் நின்றது, கூட்டம் அலைமோத!

இளைஞர்களே! மூட்டைக்குக் கீழே கல்லாவில் உட்காருவது நீங்கள்தான். உத்திரத்தில் சாய்வாக விரிசல் ஓடினால், நேற்றுவரை சரியாக மூடிய கதவு இன்று இறுகினால், அன்றே முதலாளியிடம் சொல்லுங்கள். கோபித்தால் கோபிக்கட்டும். இன்ஜினியர் வந்து பார்க்கும்வரை சரக்கைத் தரைத்தளத்துக்கு இறக்கச் சொல்லுங்கள். சுவரை இடிக்கவும், தூணைக் குடையவும் விடாதீர்கள்.