வலியைச் சுமப்பது தவக்குல் ஆகாது

தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களின் பல்லையும் எலும்பையும் புளோரைடு நீர் கெடுத்ததால், 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஆயினும் புதைந்த ஞானப்பல் வலித்தால் நம்மவர் இன்றும் தண்ணீரையே பழிக்கின்றனர். கிராம்பை வைத்துக்கொண்டு "தவக்குல்" என்கின்றனர். அது தவக்குல் அன்று, அலட்சியம். தாடையில் இடமின்மையே காரணம். ஈறைச் சிறிதளவே கீறி, பல்லைத் துண்டுகளாக்கி எடுத்தால் எலும்பிழப்பு குறையும். வீக்கமும் விரைந்து வடியும்.

"உளூவுக்குக் கொப்பளிக்க வேண்டுமே" என்போர் கேளுங்கள்: ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் உளூவில் வாய் கொப்பளிப்பது சுன்னத், ஃபர்ளு அன்று. முதல் நாளே வேகமாகக் கொப்பளித்தால் குழியில் உறைந்த இரத்தம் பெயர்ந்து, கடும் வலியே மிஞ்சும். மருத்துவம் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்திருக்க, நோயை வளர்ப்பது எந்த மார்க்கம்? அல்லாஹ்வே நன்கறிந்தவன்.