நோயாளி மனைவியும் புருஷர்களின் யோக்கியதையும்

புருஷனுக்கு நோய் வந்தால் மனைவி பணிவிடை செய்ய வேண்டும். மனைவிக்கு நோய் வந்தால் அவளே சமையலையும் செய்துகொண்டு, தன் நோயையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் இல்லற தருமம் என்பதன் சாரம் இவ்வளவுதான். இது மிகைப்பட்ட பேச்சென்று யாராவது நினைத்தால், அவர்கள் தங்கள் வீட்டு அடுப்பங்கரையை ஒரு நாள் எட்டிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.

நாம் அறிந்த ஒரு குடும்பத்துச் சங்கதியைச் சொல்லுகிறோம். அந்த அம்மாளுக்கு வயது 36. மூன்று வருஷமாக முடக்குவாதம். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரல்கள் மடங்குவதில்லை. ஒரு செம்பைக்கூடத் தூக்க முடிவதில்லை. புருஷர் கடை வைத்திருப்பவர்; குடி, சூது ஒன்றுமில்லாதவர். ஜோசியனைக் கேட்டார்கள், பூர்வ ஜன்ம பாவமென்றான். வைத்தீசுவரன் கோயிலுக்குப் போய் உப்பும் மிளகும் கொட்டினார்கள். பிறகு வீட்டு வேலைக்கு என்ன ஏற்பாடு செய்தார்கள் தெரியுமா? எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள்! அவளுக்கு மூத்த பையனோ இன்றும் படிக்கிறான்.

புருஷரைக் கேட்டோம். "நான் அவளைத் தள்ளிவிட்டேனா? வேறு கலியாணம் செய்துகொண்டேனா?" என்றார். மனைவியைத் தள்ளிவிடாமலிருப்பதே பெரிய உபகாரமென்று இவருக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

சாஸ்திரந்தான். மனுதர்மம் 9-ஆவது அத்தியாயத்தைப் பாருங்கள். நோயாளிப் புருஷனை அலட்சியம் செய்யும் மனைவியின் நகைகளைப் பறித்து மூன்று மாதம் விலக்கிவைக்க வேண்டுமாம். மனைவி நோயாளியாகி, நல்லவளாகவும் இருந்தால், அவள் சம்மதத்தின் பேரில் புருஷன் இன்னொருத்தியைக் கட்டிக்கொள்ளலாமாம். படுக்கையில் கிடப்பவள் மாட்டேனென்று சொல்லிவிட்டு யாருடைய சோற்றைத் தின்பாள்? புராணக்காரர்களோ, குஷ்டரோகிப் புருஷனைக் கூடையில் சுமந்து தாசி வீட்டுக்குக் கொண்டுபோன நளாயினியைக் கொண்டாடுகிறார்கள். நோயாளி மனைவிக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த புருஷனை அப்படிக் கொண்டாடும் கதை ஒன்றைக் காட்டட்டும் பார்ப்போம்!

முடக்குவாதம் பாவத்தால் வருவதல்ல. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தவறிப்போய் மூட்டுகளைத் தாக்குவதால் வருவது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருவது. ஆரம்பத்திலேயே தகுந்த மருந்து சாப்பிட்டால் மூட்டுகள் கெடுவதைப் பெரிதும் தடுக்கலாம். கோயிலுக்கு நடந்த நாட்கள்தான் அந்த அம்மாளின் விரல்களைத் தின்றன.

நோயைவிட அவரை அதிகம் வாட்டுவது எது? "ஒன்றுக்கும் உதவாதவள்" என்ற சொல். அதைக் கேட்கக்கூடாதென்று வலியை மறைத்து வேலை செய்கிறார், நோய் முற்றுகிறது, புருஷர் எரிந்து விழுகிறார். குடும்பம் நரகமாவது நோயினாலா, வேலையெல்லாம் ஒருத்தி தலையில் இருப்பதனாலா?

2019-இல் இந்திய சர்க்கார் எடுத்த நேரக் கணக்கின்படி, 6 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில், ஒரு நாளில் வீட்டு வேலை செய்த பெண்கள் 100-க்கு 81 பேர்; ஆண்கள் 26 பேரே. அப்படிச் செய்தவர்களிலும் பெண்ணுக்குச் சராசரி 299 நிமிஷம். ஆணுக்கு 97 நிமிஷம். அரைப்பதற்கு மிக்ஸியும் எரிப்பதற்கு காஸும் வந்த பிறகும், பொத்தானை அமுக்க ஆண் பிள்ளையின் விரல் மடங்கவில்லையென்றால், முடக்குவாதம் யாருக்கு என்று கேட்கிறோம்.

"சாஸ்திரத்தை நாங்கள் ஒப்புவதில்லையே" என்று சொல்லும் சுயமரியாதைத் தோழர்களே! மேடையில் பெண்ணுரிமை முழங்கிவிட்டு, நடுநிசியில் வீட்டுக்குப் போய், காய்ச்சலில் கிடப்பவளை எழுப்பிச் சோறு போடச் சொல்லுகிறவருக்கும் மனுவுக்கும் என்ன வித்தியாசம்? 1967-ஆம் வருஷத்துச் சட்டத்தால் நமது திருமணங்கள் செல்லுபடியாயின. ஆனால் வாழ்க்கைத் துணைவர் என்ற வார்த்தை அடுப்பங்கரையில் செல்லுபடியாக எந்தச் சட்டம் வர வேண்டும்?

நோயாளியைப் பார்ப்பது சலிப்பும் அலுப்புமான காரியந்தான், நாம் மறுக்கவில்லை. அதனாலேயே அதைப் பங்கிட வேண்டுமென்கிறோம். இருவரும் உட்கார்ந்து, அவளால் முடிந்தது எது, முடியாதது எது என்று பேசிக்கொள்ளட்டும். முடியாததைப் புருஷன் செய்யட்டும், பையனும் செய்யட்டும். அரிசி களையவும், குழம்பு வைக்கவும், துணி துவைக்கவும் ஆண் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே பழக்கிவிடுங்கள்.

அந்தக் கடைக்காரத் தோழருக்கு நாம் சொன்னது ஒன்றுதான்: நாளைக் காலையில் உலையை நீர் வையும், பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும். மற்றத் தோழர்களுக்கும் நாம் சொல்லுவது அதுவேதான்.