முழந்தாளிட முடியாதவர்கள்

ஞாயிறு திருப்பலி. எழுந்தேற்ற வேளையில் ஆலயமே முழந்தாளிடுகிறது. மூன்றாம் வரிசையில் ஒரு பெண் மட்டும் அமர்ந்தபடியே இருக்கிறாள். வயது நாற்பதைத் தாண்டவில்லை. கையில் ஊன்றுகோல் இல்லை. காலில் கட்டு இல்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் முன்னே குனிந்து, "ஆண்டவர் முன்னால் முழங்கால் போடக்கூடவா உனக்கு வணங்கவில்லை?" என்று கேட்கிறார். அவள் பதில் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றாள். அதற்கடுத்த ஞாயிறு வரவேயில்லை.

அவள் என் தங்கை. அவளுக்கு முடக்குவாதம். கேட்டவர் கெட்டவர் அல்லர். நாள்தோறும் செபமாலை சொல்பவர், ஏழைகளுக்கு ஈபவர். அதனாலேயே இதை எழுத வேண்டியிருக்கிறது. தீராத நோயாளிகளை நம் பங்குகளிலிருந்து மெல்ல வெளியேற்றுகிறவர்கள் தீயவர்கள் அல்லர். அறியாத நல்லவர்களாகிய நாமே.

முடக்குவாதம் முதுமையில் வரும் மூட்டுத் தேய்மானமன்று. நம்மைக் காக்க வேண்டிய உடலின் எதிர்ப்பாற்றல், பகைவனென்று பிழையாகக் கருதி, மூட்டுகளின் உள்ளுறையையே தாக்கும் நோய் இது. பெரும்பாலும் முப்பதுக்கும் அறுபதுக்கும் இடையே தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே இரண்டு மூன்று மடங்கு மிகுதியாக வருகிறது. காலையில் எழும்போது விரல்கள் மடங்கா. காப்பித் தம்ளரைப் பற்ற முடியாது. சட்டைப் பித்தானைப் போட முடியாது. இந்த இறுக்கம் தளர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். மாலையில் அதே பெண் கடைத்தெருவில் நடந்து போவாள். பார்க்கிறவர் முடிவு கட்டிவிடுகிறார்: "காலையில் அடுப்படி வேலைக்கு மட்டும் நோய், மாலையில் ஊர் சுற்ற நோயில்லை!" ஏறுவதும் இறங்குவதுமே இந்நோயின் இயல்பு என்பதை யார் அவருக்குச் சொல்வது? வலியோடு சேர்ந்து வரும் அயர்வையோ, உறக்கம்கூடத் தீர்க்காத அந்தக் களைப்பையோ எந்தக் கண்ணும் காண்பதில்லை.

இன்னும் கேளுங்கள். கருவுற்ற காலத்தில் பல பெண்களுக்கு இந்நோய் தணிகிறது. பிள்ளைப்பேற்றுக்குப் பின் சீறி எழுகிறது. தன் குழந்தையைத் தூக்க முடியாமல் தாய் தவிக்கும் அதே வாரங்களில், "சுமந்தபோது நன்றாகத்தானே இருந்தாய், இப்போது சோம்பலா?" என்று மாமியார் கேட்கிறார். இந்நோய்க்கு முதன்மையாகத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் கருவிலிருக்கும் குழந்தைக்குக் கேடு செய்யக்கூடியது. எனவே கருவுற விரும்பும் பெண் அதை முன்கூட்டியே நிறுத்தியாக வேண்டும். மருந்தா, மகவா என்று அவள் மனத்தில் நடக்கும் போராட்டத்தை அறியாமலே, "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று நாம் நலம் விசாரிக்கிறோம்.

நம் நலம் விசாரிப்பிலேயே குற்றம் இருக்கிறது. "சரியாகிவிட்டதா?" என்று கேட்கிறோம். நோயென்றால் ஒன்று தீர வேண்டும், அல்லது ஆளை முடிக்க வேண்டும். மூன்றாவது வழி நமக்குத் தெரியாது. காய்ச்சல்காரருக்குக் கஞ்சி கொண்டு போகிறோம். அறுவை முடிந்தவரைப் பழத்தோடு பார்க்கிறோம். பத்தாம் ஆண்டிலும் தீராதிருப்பவரிடம் நமக்கு அலுப்பு வருகிறது. அந்த அலுப்பை மறைக்கக் காரணம் தேடுகிறோம்: பத்தியம் இருக்கவில்லை, மனத்திடம் இல்லை, விசுவாசம் இல்லை.

இந்தக் கடைசிக் குற்றச்சாட்டே கொடியது. குணமளிக்கும் வழிபாடு ஒன்றில், "நம்புகிறவர் மாத்திரையைத் தூக்கி எறியட்டும்" என்று சொல்லப்பட்டதைக் கேட்டு என் தங்கை நான்கு மாதம் மருந்தை நிறுத்தினாள். அந்த நான்கு மாதத்தில் அவளுடைய வலக்கை விரல்கள் கோணின. அவை இனி நிமிரா. மூட்டுச் சேதத்தின் பெரும்பகுதி நோயின் தொடக்க ஆண்டுகளிலேயே நேர்கிறது. அப்போது மருந்து தவறினால் அழிந்த எலும்பைத் திரும்பப் பெற வழியில்லை. இப்படிச் சொல்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: குணமாகாதபோது பழியை நோயாளியின் விசுவாசத்தின்மேல் போட்டுவிட்டு, அடுத்த ஊர் மேடைக்குப் போய்விடுகிறீர்களே, கோணிய விரலுக்கு யார் கணக்குக் கொடுப்பது?

தன் உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடும்படி பவுலடியார் மும்முறை மன்றாடினார், முள் எடுக்கப்படவில்லை. அவருக்கும் விசுவாசக் குறைவா? பிறவிக் குருடனைக் கண்டு, பாவம் இவனுடையதா, பெற்றோருடையதா என்று சீடர்கள் கேட்டபோது, இருவருடையதும் அல்ல என்று ஆண்டவர் மறுத்தார். அவர் மூடிய வழக்கை நாம் ஏன் மறுபடியும் திறக்கிறோம்? யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் வாய் திறவாமல் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நற்செயல் அதுவே. வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியதும் கெட்டது. இறுதியில் இறைவனின் சினம் அந்த நண்பர்கள்மீதே மூண்டது.

"அப்படியானால் செபம் வீணா? சிலுவைக்குப் பொருளில்லையா?" என்று சிலர் கேட்கக்கூடும். செபம் வீணன்று, மருந்துக்கு எதிராக அதை நிறுத்துவதே வீண். சிலுவைக்கும் பொருள் உண்டு. ஆனால் ஒருவர் தாமே தம் தோளில் ஏற்கும்போதுதான் அது சிலுவை. நலமாயிருக்கும் நாம் அதை எடுத்துப் பிறர் தோளில் சாத்திவிட்டு, "பொறுமையாகச் சும" என்று புத்தி சொன்னால், அந்தக் காட்சியில் நமக்குரிய இடம் சீமோனுடையதன்று; படைவீரருடையது.

நோயாளியால் பயனில்லை என்போரும் உண்டு. ஓவியர் ரெனுவார் ஏறத்தாழ ஐம்பது வயதில் முடக்குவாதத்துக்கு ஆளானார். கை உருக்குலைந்து, சக்கர நாற்காலியில் முடங்கிய பின்னும், 1919இல் இறக்கும்வரை தீட்டினார். உடனிருந்தோர் தூரிகையை எடுத்து அவர் விரல்களுக்கிடையே பொருத்திக் கொடுத்தார்கள். 1967இல் உலகின் முதல் மனித இதய மாற்று அறுவையைச் செய்த கிறிஸ்தியான் பர்னார்டும் இதே நோயாளிதான். ஆயினும் இவர்களைக் காட்டி, "அவரால் முடிந்ததே, உன்னால் ஏன் முடியாது?" என்று கேட்பது மற்றொரு கொடுமை. ரெனுவாருக்குத் தூரிகை பொருத்த ஆள் இருந்தது. நம் வீட்டுப் பெண்ணுக்குத் தம்ளரைப் பிடித்துக் கொடுக்க ஆள் இருக்கிறதா?

அரசின் அளவுகோலும் இவர்களைத் தப்பவிடுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இயலாமையின் வகைகளை ஏழிலிருந்து இருபத்தொன்றாக விரித்தது. அதில் முடக்குவாதத்தின் பெயர் இல்லை. கையும் காலும் நிலையாகக் கோணிய பின், அந்த ஊனம் நாற்பது விழுக்காடு என அளக்கப்பட்டால்தான் முக்கிய சலுகைகளுக்கு வழி. வலியையும் அயர்வையும் அளக்கும் கோல் அங்கில்லை. ஆலயத்திலும் இல்லாமற்போனால் அவர்கள் எங்கே போவார்கள்?

இரண்டாம் ஜான் பால் 1992இல் உலக நோயாளர் நாளை ஏற்படுத்தினார். 1993 முதல் பிப்ரவரி 11இல் கொண்டாடுகிறோம். அன்று நோயில் பூசுதல் உண்டு, பழப்பை உண்டு, புகைப்படம் உண்டு. மற்ற முந்நூற்று அறுபத்து நான்கு நாளும்? முன்வரிசையில் முதுகு சாய நான்கு நாற்காலிகள் போட எத்தனை பங்குகள் முன்வந்தன? நற்கருணையை இருக்கைக்கே கொண்டு வருவதற்குத் திருத்தந்தையின் மடல் வேண்டுமா? அன்பியக் கூட்டத்தை மாடிவீட்டில் வைத்துவிட்டு, வராதவரின் பெயரை எழுதுகிறோமே, அதை மாற்ற முடியாதா? மாதம் ஒரு நாள் மருத்துவமனை வரிசையில் அவருக்காக நிற்க இளையோர் அணியில் ஒருவர் கிடைக்கமாட்டாரா?

நல்ல சமாரியனை நினைத்துப் பாருங்கள். காயம் கட்டியதை நாம் எப்போதும் பேசுகிறோம். அவர் விடுதிக்காரரிடம் சொன்னதை மறந்துவிடுகிறோம். மேலும் செலவானால், திரும்பி வரும்போது தருவதாக அவர் வாக்களித்தார். ஒருமுறை உதவிப் புண்ணியம் கட்டிக்கொண்டு போய்விடவில்லை. தீராத நோயாளிக்கு வேண்டியவர் அப்படித் திரும்பி வருகிறவரே. பத்தாம் ஆண்டிலும் "சரியாகிவிட்டதா?" என்று கேளாமல், "இன்று எப்படி இருக்கிறது?" என்று கேட்டு, பதிலை முழுதும் கேட்டிருக்கிறவரே.

மூன்றாம் வரிசையில் அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது. அடுத்த ஞாயிறு அதை நிரப்புவது என் தங்கையின் கால்களைப் பொறுத்ததன்று. நம் நாவைப் பொறுத்தது.