ஏரிக்கரையில் இடிச் சத்தம்

சியாட்டில் நகரத்தின் கிழக்குப் பக்கம் முழுக்க வாஷிங்டன் ஏரி. வடக்கு தெற்காக ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளம். ஆழமான இடத்தில் 65 மீட்டர். 1916-இல் கப்பல் கால்வாய் வெட்டி ஏரியைக் கடலோடு சேர்த்தபோது நீர்மட்டம் கிட்டத்தட்ட 9 அடி இறங்கியது. அதுவரை தண்ணீருக்கடியில் கிடந்த கரை வெளியே வந்தது. குடாவாக இருந்த சில இடங்கள் சதுப்பாகின. அப்படிச் சதுப்பான ஓர் இடத்தில் ஊர்க் குப்பையைக் கொட்டி மேடாக்கி, பிறகு புல் வளர்த்துப் பூங்கா ஆக்கினார்கள். ஜெனசீ பூங்கா என்று பெயர். ஒவ்வொரு ஆகஸ்டு தொடக்கத்திலும் படகுப் பந்தயம் பார்க்க வருகிறவர்கள் துண்டு விரித்து உட்காருவது அந்தப் பழைய குப்பைமேட்டின் மேல்தான்.

1950 வாக்கில் இந்த ஊரில் பெரிய தொழில்முறை விளையாட்டு அணி எதுவும் கிடையாது. தேசிய லீக்கில் ஆடும் கூடைப்பந்து அணி அமைந்ததே 1967-இல்தான். அந்த வெற்றிடத்தை நிரப்பியது ஒரு மரப்படகு. அதைக் கட்டியவர்கள் மூன்று உள்ளூர்க்காரர்கள். ஸ்டான் சேயர்ஸ் கார் விற்பனையாளர், பணம் அவருடையது. டெட் ஜோன்ஸ் போயிங் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். படகின் வடிவம் அவர் மனத்தில் இருந்தது. ஆங்கர் ஜென்சன் போர்ட்டேஜ் பே கரையில் குடும்பத்தோடு படகுப் பட்டறை நடத்தியவர். கட்டியது அவர் கை. ‘ஸ்லோ-மோ-ஷன் 4’ என்று பெயர் வைத்தார்கள். மெல்ல மெல்ல அசைவது என்ற பொருள் தொனிக்கும் கிண்டல் பெயர் அது. இந்தப் படகில் யாருடைய பங்கு அதிகம் என்று பின்னாளில் அவர்களுக்குள் மனத்தாங்கல் வந்தது. ஓடாத படகாக இருந்தால் அந்தச் சண்டைக்கே இடமிருந்திருக்காது.

ஹைட்ரோபிளேன் எனப்படும் இந்த வகைப் படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதில்லை. தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. முன்பக்கம் இரு ஓரங்களிலும் தட்டையான இரண்டு மிதவைகள், பின்பக்கம் ப்ரொப்பெல்லர். முழு வேகத்தில் இந்த மூன்று இடங்கள் மட்டுமே தண்ணீரைத் தொடும். மற்ற உடம்பு முழுவதும் காற்றின் மேல். ப்ரொப்பெல்லரும் முழுக்க மூழ்குவதில்லை. மேல் பாதி வெளியே, கீழ்ப் பாதி உள்ளே என்று சுழலும். மூழ்கிய உலோகம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு இழுவை குறையும். வெளியே சுழலும் பாதி வாரி இறைக்கும் தண்ணீர் படகுக்குப் பின்னால் பல மாடி உயரத்துக்கு எழுந்து, நீண்டு வளைந்து விழும். அந்த ஊரில் அதற்குச் சேவல் வால் என்று பெயர். இந்த அமைப்பின் ஆபத்தும் அதே காற்றில்தான் இருக்கிறது. மூக்கு ஒரு சாண் கூடுதலாகத் தூக்கினால், அடியில் புகும் காற்று படகையே பின்பக்கமாகக் கவிழ்த்துவிடும்.

எஞ்சினைப் போர் கொடுத்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அலிசன் நிறுவனத்தின் விமான எஞ்சின்கள் உபரிச் சரக்காக மலிவு விலைக்கு வந்தன. 12 சிலிண்டர், 28 லிட்டர், ஆயிரம் குதிரைத்திறனுக்கு மேல். விமானத்தில் ப்ரொப்பெல்லர் எஞ்சினைவிட மெதுவாகச் சுழல வேண்டும். படகில் நேர்மாறு: எஞ்சினைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வேகமாகச் சுழல வேண்டும். அதற்கேற்ற கியர்பெட்டியைச் செய்து முடித்ததுதான் பாதி வெற்றி.

1950 ஜூன் 26 அன்று ஏரியின் வடபகுதியில் சாண்ட் பாயிண்ட் அருகே ஸ்லோ-மோ-ஷன் 4 மணிக்கு 160.32 மைல் வேகம் காட்டியது. அதற்குமுன் இருந்த உலக சாதனை பிரிட்டனின் சர் மால்கம் கேம்பல் 1939-இல் வைத்த 141.74 மைல். ஒரேயடியாக 18 மைலுக்கு மேல் கூடிவிட்டது. (1952-இல் அதே ஏரியில் அதே படகு 178.49 மைலைத் தொட்டது.) அடுத்த மாதமே ஜோன்ஸ் அதை டெட்ராய்ட்டுக்குக் கொண்டுபோய் கோல்டு கப் போட்டியில் வென்றார். 1904 முதல் நடந்துவரும் கோப்பை அது. டெட்ராய்ட்காரர்கள் அதைத் தங்கள் வீட்டுச் சொத்தாகவே நினைத்திருந்தார்கள். வென்ற படகின் ஊருக்கே அடுத்த போட்டியை நடத்தும் உரிமை போகும் என்ற விதியினால், 1951 ஆகஸ்டில் கோப்பையும் போட்டிப் படகுகளும் வாஷிங்டன் ஏரிக்கு வந்து சேர்ந்தன. இரண்டு ஊர்களுக்கும் இடையில் அன்று மூண்ட பகை தணியப் பல ஆண்டுகள் ஆயின.

பந்தயக் களம் நகரக் கரைக்கும் மெர்சர் தீவுக்கும் நடுவே, மிதக்கும் பாலத்துக்குத் தெற்கே அமைந்தது. அந்தப் பாலமே ஒரு வேடிக்கை. ஆழமும் அடிச்சேறும் தூண் நட விடாததால் கான்கிரீட் மிதவைகளைக் கோத்து 1940-இல் திறந்தார்கள். இன்று பெல்வியூ பக்கம் குடியிருந்து சியாட்டிலுக்கு வேலைக்குப் போகிற தமிழர் பலர் தினமும் கடக்கும் வழி அது. களத்தின் ஓரமாகப் பெரிய மரத்தடிகளைச் சங்கிலியால் பிணைத்து நீளமாக மிதக்கவிடுவார்கள். சொந்தப் படகு உள்ளவர்கள் நாள்கணக்கில் முன்னதாகவே வந்து அதில் கட்டிக்கொள்வார்கள். அடுப்பு, சாப்பாடு, தூக்கம் எல்லாம் படகிலேயே. கரையோர வீடுகளில் அந்த ஒரு நாள் மட்டும் சொந்தம், நட்பு, பழைய பக்கத்து வீட்டுக்காரர் என்று எவரையும் திருப்பி அனுப்ப முடியாது. மொட்டை மாடி, திண்ணை, படித்துறை எல்லாம் நிரம்பிவிடும். கரையோரம் வீடில்லாதவர்கள் விடியும் முன்பே போர்வையோடு வந்து புல்வெளியில் இடம் பிடிப்பார்கள்.

இந்தப் பந்தயத்தைப் புதிதாகப் பார்ப்பவருக்குத் தொடக்கம் குழப்பமாக இருக்கும். படகுகள் கோட்டில் நின்று புறப்படுவதில்லை. முன்கூட்டியே தண்ணீரில் இறங்கிச் சுற்றிச் சுற்றி வரும். ஒரு பெரிய கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்; அதன் முள் உச்சிக்கு வரும் கணத்தில் கோட்டைக் கடக்க வேண்டும், அதுவும் முழு வேகத்தில். ஒரு நொடி முந்தினால் தண்டனை, இரண்டு நொடி பிந்தினால் முன்னே போனவரின் சேவல் வால் முகத்தில். மழையில் ஓட்டுவதுபோல் இல்லை அது. கண்ணுக்கு எதுவும் தெரியாத வெள்ளைச் சுவருக்குள் புகுவது. அதனால் நல்ல ஓட்டுநருக்கு அடையாளம் அதிக வேகம் அல்ல, கடிகாரத்தைக் கணிக்கும் திறமை என்று பட்டறைக்காரர்கள் சொல்வார்கள்.

இந்த ஆட்டம் ஊரில் எவ்வளவு ஊறியிருந்தது என்பதைக் காட்ட, கூட்டத்தின் எண்ணிக்கையைவிடப் பிள்ளைகளின் மரப்படகுகளே நல்ல சாட்சி. 1950களிலும் 60களிலும் தென்சியாட்டில் தெருக்களில் வளர்ந்தவர்கள் எவரைக் கேட்டாலும் இது முதலில் வரும். மிச்சப் பலகைத் துண்டு ஒன்றை ஹைட்ரோபிளேன் வடிவத்தில் அறுப்பார்கள். முன்னே இரண்டு மிதவை, பின்னே ஒரு வால் துடுப்பு. தனக்குப் பிடித்த படகின் நிறத்தை அடித்து, எண்ணையும் எழுதிக் கயிற்றால் மிதிவண்டியின் பின்னால் கட்டி இழுப்பார்கள். தார்ச்சாலையில் பலகை உரசும் கரகரப்பே எஞ்சின் சத்தம். வளைவில் வேகமாகத் திருப்பினால் படகு பக்கவாட்டில் சறுக்கிப் பிறகு நேராகும், உண்மையானதைப் போலவே. ஒரு கோடைக்குள் அடிப்பலகை தேய்ந்துவிடும். அடுத்த கோடைக்குப் புதிது. டெட்ராய்ட் படகின் நிறத்தை அடிக்கிற பையனுக்குத் தெருவில் என்ன மரியாதை கிடைத்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

ஏரி சும்மா மகிழ்ச்சியை மட்டும் கொடுக்கவில்லை. முதல் ஆண்டிலேயே, 1951-இல், போர்ட்லாந்திலிருந்து வந்த ‘குவிக்சில்வர்’ படகு நொறுங்கி அதிலிருந்த இருவரும் இறந்தார்கள். 1955-இல் தகுதிச் சுற்றின்போது சேயர்ஸின் இன்னொரு படகான ஸ்லோ-மோ-ஷன் 5 மூக்கைத் தூக்கியது. ஆகாயத்தில் முழுதாக ஒரு பின்குட்டிக்கரணம் அடித்து, ஒன்றும் நடக்காததுபோல் நேராகவே தண்ணீரில் இறங்கியது. ஓட்டிய லூ ஃபஜோல் நடுவழியில் வெளியே எறியப்பட்டார்; பலத்த காயத்தோடு பிழைத்தார். அதே ஆண்டு கோல்டு கப்பில், ‘மிஸ் த்ரிஃப்ட்வே’ ஓட்டிய பில் மன்சி தான் வென்றுவிட்டதாகவே நினைத்துக் கரை சேர்ந்தார். கூட்டமும் அப்படியே நினைத்தது. பிறகுதான் கணக்குப் பார்த்தார்கள். எல்லாச் சுற்றுகளையும் சேர்த்து மிகக் குறைந்த நேரத்தில் ஓடிய படகுக்குக் கூடுதல் புள்ளி உண்டு. டெட்ராய்ட்டின் ‘கேல் 5’ மொத்த நேரத்தில் 4.536 நொடி முந்தியிருந்தது. கோப்பை ஊரைவிட்டுப் போனது. இந்த எண்ணைச் சியாட்டில்காரர்கள் பல பத்தாண்டுகள் வட்டிக்கணக்குப்போல் ஞாபகம் வைத்திருந்தார்கள்.

மன்சியின் துரதிர்ஷ்டம் அதோடு விடவில்லை. 1958-இல் மீண்டும் இதே ஏரியில் அவர் படகின் சுக்கான் போய்விட்டது. திருப்ப வழியின்றி, களத்தின் ஓரம் காவலுக்கு நின்ற கடலோரக் காவல்படைப் படகின் விலாவில் நேராக மோதினார். இரண்டும் மூழ்கின; உயிர்ச்சேதம் இல்லை. அவர் மொத்தம் 8 கோல்டு கப்புகள் உட்பட 62 பந்தயங்கள் வென்று, 1981-இல் மெக்சிகோவின் அகபுல்கோவில் படகு கவிழ்ந்து இறந்தார்.

கரைக்கு வந்த மனிதர்களில் மீரா ஸ்லோவாக்கை விட முடியாது. செக்கோஸ்லோவாக்கியாவின் பயணிகள் விமானி. 1953-இல் தான் ஓட்டிய விமானத்தையே திருப்பி மேற்கு ஜெர்மனியில் இறக்கித் தப்பியவர். அமெரிக்கா வந்து, போயிங் நிறுவனரின் மகனுக்குச் சொந்த விமானி ஆனார். முதலாளி ‘மிஸ் வாஹு’ என்றொரு படகு கட்டி, ஓட்டும் பொறுப்பை இவரிடமே கொடுத்தார். எஞ்சின் விமானத்துடையது, ஓட்டுகிறவரும் விமானி. தண்ணீர் மட்டுமே புதிது. இன்னொரு பக்கம் சியாட்டிலின் பாலார்டு பகுதியில் எண்ணெய்க் கலவை தயாரித்த நார்வேக்காரர் ஓலே பார்டால் தன் சரக்கின் பெயரையே படகுக்கு வைத்தார். ரான் மஸ்ஸன் ஓட்ட, ‘மிஸ் பார்டால்’ 1963, 64, 65 என்று தொடர்ந்து மூன்று கோல்டு கப் வென்றது. 1966 ஜூன் 19 அன்று தலைநகர் வாஷிங்டனின் பொடோமாக் ஆற்றில் மஸ்ஸன் இறந்தார். அதே நாள், அதே போட்டியில் ரெக்ஸ் மான்செஸ்டர், டான் வில்சன் இருவரும் மோதி இறந்தார்கள்.

ஓட்டுநரின் உயிரைக் காத்த மாற்றம் வர இன்னும் இருபது ஆண்டு ஆனது. 1980களின் நடுவில் எஃப்-16 போர் விமானத்தின் கண்ணாடி மூடியை எடுத்து ஓட்டுநரின் தலைக்கு மேல் பொருத்தினார்கள். கவிழ்ந்தாலும் உள்ளேயே, பட்டையால் கட்டுண்டு, மூச்சுக் குழாயோடு இருக்கலாம். இதே சமயம் எஞ்சினும் மாறியது. சினூக் ஹெலிகாப்டருடைய டர்பைன் வந்தது. எடை குறைவு, கோளாறும் குறைவு. ஆனால் அந்தப் பழைய இடிமுழக்கம் போய் வெறும் சீழ்க்கை மிஞ்சியது. மலைச்சரிவு வீடுகளில் ஜன்னல் அதிர்வதை வைத்தே எந்தப் படகு ஓடுகிறது என்று சொன்ன தலைமுறைக்கு இது பெரிய இழப்புதான்.

சேயர்ஸ் 1956-இல் இறந்தார். அதற்குச் சில வாரங்கள் முன்பு ஸ்லோ-மோ-ஷன் 4 டெட்ராய்ட்டில் நொறுங்கியிருந்தது. ஏரிக்கரையில் படகுகளைத் தயார் செய்யும் இடத்துக்கு இன்று அவர் பெயர். செப்பனிட்ட ஸ்லோ-மோ-ஷன் 4 யூனியன் ஏரிக்கரையில் உள்ள நகர வரலாற்று அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. ஜென்சனின் பட்டறை இருந்த போர்ட்டேஜ் பே அதே நீர்வழியில் கொஞ்ச தூரத்தில்தான். கென்ட் நகரில் இன்னொரு அருங்காட்சியகம் பழைய படகுகளை மீட்டு ஓட்டும் நிலையில் வைத்திருக்கிறது. ஆகஸ்டு பந்தயத்தின் இடைவேளையில் அவற்றில் ஒன்றிரண்டைத் தண்ணீரில் இறக்கி, 12 சிலிண்டரையும் முடுக்கி, போட்டி எதுவுமின்றிச் சில சுற்று ஓட்டிக்காட்டுகிறார்கள்.