போடிமெட்டு ஜீப்புக்கு ரிவெட்டா, பசையா?

போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறணும். குலுங்கும்போது ரிவெட் துளையைச் சுற்றித்தான் அழுத்தம் குவியும். நாளடைவில் அங்கே தகடு விரியும், மழைத்தண்ணி இறங்கித் துருப்பிடிக்கும்.

இரண்டு பாகமாக வரும் அக்ரிலிக் பசைக்குத் துளையே வேண்டாம். ரெசினும் ஆக்டிவேட்டரும் கலந்தால் சில நிமிஷத்தில் இறுகத் தொடங்கும். பாரம் ஒட்டிய பரப்பு முழுக்கப் பரவும். பாடித் தகடுகளுக்கு இதுவே மேல்.

ஆனா, குளிரில் இறுக நேரமாகும். நெடி கடுமை, தீயும் பிடிக்கும், காற்றோட்டம் கட்டாயம். ‘சவாரி இருக்கு, சீக்கிரம் கொடுங்க’ என்று அவசரப்படுத்தினால் ஒட்டு நிற்காது. ஒருநாள் சவாரியை விடுவது நஷ்டமில்லை; உள்ளே உட்காரும் தொழிலாளர்களின் உயிருக்கான உத்தரவாதம்.