பாலிசிஸ்டிக் கிட்னி நோயாளிகளுக்கு வயிற்றுவழி டயாலிசிஸ் கோரும் மனு

அனுப்புநர்: திருவெறும்பூர் வட்டாரச் சிறுநீரக நோயாளிகள், குடும்பத்தார் சங்கத்தினர்.

பெறுநர்: மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள், திருச்சிராப்பள்ளி.

நகல்: முதல்வர், கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரி, திருச்சிராப்பள்ளி.

பொருள்: பாலிசிஸ்டிக் கிட்னி நோயாளிகள் வீட்டிலிருந்தே டயாலிசிஸ் செய்துகொள்ள வழிசெய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

திருவெறும்பூர், காட்டூர், கூத்தைப்பார், நவல்பட்டு, துவாக்குடிப் பகுதி நோயாளிகள் சார்பில் இம்மனுவை அளிக்கிறோம். எங்களில் ஒரு சாராருக்கு இருப்பது பரம்பரை நோயான பாலிசிஸ்டிக் கிட்னி. நீர்க்கட்டிகள் பெருகி, 150 கிராம் அளவில் இருக்க வேண்டிய சிறுநீரகம் ஒரு கிலோவையும் தாண்டி வீங்கிவிடும். தாய், தகப்பன் இருவரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. எனவே மாற்றுச் சிறுநீரகம் தர ரத்த உறவில் ஆள் கிடைப்பது இவர்களுக்கு மிகக் கடினம். டயாலிசிஸை நம்பியே பல ஆண்டுகளை ஓட்ட வேண்டியுள்ளது.

ரத்த டயாலிசிஸ் என்றால் வாரம் 3 நாள், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். போக்குவரத்தையும் அசதியையும் சேர்த்தால் அந்த நாளே போய்விடும். துவாக்குடி சிட்கோ பட்டறைகளில் தினக்கூலிக்கு நிற்பவர் இப்படி வாரத்தில் பாதி நாள் வராவிட்டால் வேலையில் வைத்திருக்கமாட்டார்கள். துணைக்கு வரும் மனைவியின் கூலியும் போகிறது. வயிற்றுவழி டயாலிசிஸில் 2 லிட்டர் திரவப் பையை நாளொன்றுக்குப் பெரும்பாலும் 4 முறை வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். கையால் மாற்றுவதால் மின்சாரம்கூட வேண்டாம். 5.8.2021 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இந்தப் பைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறது. அதற்கு நன்றியுடையோம்.

ஆனால் "வயிறு முழுக்கக் கட்டி, திரவம் விட இடமில்லை" என்று சொல்லி இந்நோயாளிகளைப் பரிசோதிக்காமலே விலக்கிவிடும் வழக்கம் உள்ளது. எங்களை வருத்துவது இதுவே. இது பழைய தயக்கம். இந்நோயாளிகளும் மற்றவர்களுக்கு ஈடாக இம்முறையில் நலமாக இருக்கிறார்கள் என்று பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. குடலிறக்கம் வரும் ஆபத்து இவர்களுக்குக் கூடுதல் என்பதை மறைக்கவில்லை. சிலருக்கு இம்முறை ஒத்துவராமலும் போகலாம். அதை ஸ்கேன் பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும், நோயின் பெயர் முடிவு செய்ய வேண்டாம். திரவ அளவைக் குறைத்தோ, இரவில் படுத்த நிலையில் இயந்திரம் மூலமோ செய்தால் வயிற்று அழுத்தம் குறைகிறது. கட்டிக்குள் ரத்தம் கசியும் நோயாளிகளுக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து தேவைப்படாத இம்முறையே நல்லது.

ஆகவே, இந்நோயாளி ஒவ்வொருவரையும் சிறுநீரகவியல் மருத்துவர் தனித்தனியே பரிசோதித்து, இம்முறை பொருந்துமா என்பதை எழுத்தில் தரும்படி ஆணையிட வேண்டுகிறோம். வயிற்றில் குழாய் வைக்கும்போதே குடலிறக்கத்தையும் சேர்த்துச் சரிசெய்ய, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரே அனுமதி கிடைக்க வேண்டும். இரவு இயந்திரம் தேவைப்படுவோருக்கு அது இரவலாகவேனும் கிடைக்க வேண்டும்.

உயிர் சம்பந்தப்பட்டது இன்னொன்று. வெளியேறும் திரவம் கலங்கினால் வயிற்று உறையில் தொற்று என்றே முதலில் கருத வேண்டும். மணிக்கணக்கில் காத்திருக்க முடியாது. எங்கள் வட்டார அரசு மருத்துவமனையிலேயே இரவு பகல் எந்நேரமும் திரவ மாதிரி எடுக்கவும், ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸைப் பையிலேயே சேர்த்துக் கொடுக்கவும் செவிலியருக்குப் பயிற்சி தர வேண்டும்.

மாதத்துக்கு 120 பை என்றால் 240 லிட்டர். ஓர் அறை வீட்டில் அதை அடுக்கி வைக்க இடமிருக்காது. 15 நாளுக்கு ஒருமுறை தவறாமல் வழங்கினால் பேருதவி. காலிப் பைகளையும் குழாய்களையும் அந்தந்த உள்ளாட்சி அமைப்பு தனியாகப் பெற்றுக்கொள்ள வேண்டும். அவை தூய்மைப் பணியாளர் கையில் வெறும் குப்பையாகப் போய்ச் சேரக்கூடாது.

இது பரம்பரை நோய் என்பதால், இந்நோயாளிகளின் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தோருக்கும் ரத்த அழுத்தம், அல்ட்ராசவுண்ட் பரிசோதனை இலவசமாகச் செய்யவும் கோருகிறோம்.

சிறுநீரகவியல் துறையினரையும் எங்கள் பிரதிநிதிகளையும் ஒருங்கே அழைத்துப் பேசி, விரைந்து ஆணை பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
சங்கத் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்
திருவெறும்பூர்