முள் காட்டிய கணக்கு

1984 டிசம்பர் 2, இரவு. போபாலில் யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலை. 10.20 மணிக்கு 610ஆம் எண் தொட்டியின் அழுத்தமானி சதுர அங்குலத்துக்கு 2 பவுண்ட் என்று காட்டியது. 10.45க்கு ஷிஃப்ட் மாறியது. 11 மணிக்குப் பார்த்தபோது முள் 10இல் நின்றது. யாரும் பதறவில்லை. 2 முதல் 25 வரை எங்கே நின்றாலும் சரி என்பது ஆலையின் வழக்கம். நள்ளிரவைத் தாண்டிச் சுமார் கால் மணி நேரத்தில் முள் 30ஐத் தொட்டது. அடுத்த சில நிமிடங்களில் 55. அதற்கு மேல் காட்ட மானியில் எண் கிடையாது.

அழுத்தமானி உண்மையில் அளப்பது மோதல்களை. வாயுவின் மூலக்கூறுகள் சும்மா இருப்பதில்லை. சாதாரண அறைக்குள் இருக்கும் காற்றின் மூலக்கூறுகள் சராசரியாக மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் திரிகின்றன. ஒன்றோடொன்று முட்டுகின்றன, சுவரில் மோதித் திரும்புகின்றன. ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் அவை சுமார் இரண்டரை லட்சம் கோடி கோடி. ஒரு மோதலின் வலு ஒன்றுமே இல்லை. எல்லாம் சேர்ந்தால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறக்குறைய ஒரு கிலோ எடையை வைத்ததற்குச் சமம். சுவிட்சர்லாந்துக் கணித மேதை டேனியல் பெர்னூலி 1738லேயே இந்த விளக்கத்தைச் சொல்லிவிட்டார். உலகம் அதை ஏற்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

மோதல்கள் அதிகரிக்க மூன்று வழிகள் உண்டு. சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு மூன்றும் தெரியும். பம்பு அடித்தால் டியூபுக்குள் மூலக்கூறுகளின் எண்ணிக்கை கூடுகிறது, டியூப் இறுகுகிறது. பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்தினால் இடம் குறைகிறது. விரலை உள்ளேயிருந்து ஏதோ தள்ளுகிறது. கெட்டியாகக் காற்றடித்த சைக்கிளைச் சித்திரை வெயிலில் நிறுத்தினால் மூலக்கூறுகளின் வேகம் கூடுகிறது, டியூப் வெடிக்கிறது. எண்ணிக்கை, இடம், சூடு. 610ஆம் தொட்டியில் அன்றிரவு மூன்றும் ஒன்றுசேர்ந்தன.

தொட்டியில் இருந்தது சுமார் 42 டன் மீதைல் ஐசோசயனேட். 39 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் திரவம் அது. எனவே பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் குளிரூட்டி வைத்திருக்க வேண்டும். ஆனால் குளிர்சாதன இயந்திரம் 1984 ஜூன் மாதமே நிறுத்தப்பட்டிருந்தது. தொட்டியைப் பாதியளவுதான் நிரப்பலாம் என்பது பாதுகாப்பு விதி. உள்ளே ஏதாவது விபரீதம் நடந்தால் ஆவியும் வாயுவும் ஒதுங்க இடம் வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட விதி அது. அன்று தொட்டி ஏறக்குறைய முக்கால் பங்கு நிரம்பியிருந்தது.

அதற்குள் தண்ணீர் புகுந்தது. குழாய் கழுவும்போது போனது என்றார்கள் தொழிலாளர்கள். யாரோ வேண்டுமென்றே விட்டார்கள் என்றது கம்பெனி. தர்க்கம் ஓயவில்லை. தண்ணீர் சேர்ந்த பிறகு நடந்ததில் யாருக்கும் சந்தேகமில்லை. இரண்டும் வினைபுரிந்தபோது கடும் சூடு பிறந்தது. கரியமில வாயு கிளம்பியது. சூட்டில் வினை இன்னும் வேகமெடுத்தது. அந்த வேகம் மேலும் சூட்டைக் கொடுத்தது. திரவம் கொதித்து ஆவியாகத் தொடங்கியது. வாயு மூலக்கூறுகள் பெருகின, அவற்றின் வேகம் கூடியது, ஒதுங்க இடமோ இல்லை. முள் ஏறாமல் என்ன செய்யும்?

முள் அதற்கு முன்பே ஒரு சேதி சொல்லியிருந்தது. இத்தகைய தொட்டியில் நைட்ரஜன் வாயுவை அழுத்தி நிரப்புவார்கள். வெளியிலிருந்து ஈரமோ அழுக்கோ புகாதபடி அந்த மூலக்கூறுகள் உள்ளிருந்து முட்டிக்கொண்டே காவல் நிற்கும். அக்டோபர் கடைசி வாரம் முதல் 610ஆம் தொட்டியில் நைட்ரஜன் அழுத்தம் நிற்கவில்லை. எங்கோ கசிவு. காவல் போய்விட்ட தொட்டி அது. ஆறு வாரமாக அழுத்தம் தங்காத தொட்டியில் நாற்பது நிமிடத்தில் 2 எப்படி 10 ஆனது என்று கேட்டிருந்தால், அந்தக் கேள்வியே அபாயச் சங்காக இருந்திருக்கும். 10 என்ற எண்ணைப் பார்த்தார்கள். அது விதிக்கு உட்பட்ட எண். எந்த எண்ணிலிருந்து அது ஏறி வந்தது என்பதைப் பார்க்கவில்லை.

11.30 மணிவாக்கில் தொழிலாளர்களுக்குக் கண் எரிந்தது. எங்கோ கசிகிறது என்று தெரிந்தது. தேநீர் இடைவேளைக்குப் பிறகு கவனிக்கலாம் என்று முடிவாயிற்று. அதற்குள் நேரம் கடந்துவிட்டது. தொட்டியின் மேல் போட்டிருந்த கான்கிரீட் விரிசல்விட்டது. 40 பவுண்டில் திறக்கவேண்டிய பாதுகாப்பு வால்வு திறந்துகொண்டது. அது தன் வேலையைச் சரியாகச் செய்தது, தொட்டி வெடிக்கவில்லை. வெளியேறும் நஞ்சை முறிக்கவேண்டிய சாதனங்கள்தான் கைவிட்டன. வாயுவை எரிக்கும் கோபுரத்தின் குழாய் பழுதுபார்க்கக் கழற்றப்பட்டிருந்தது. காஸ்டிக் சோடாவால் கழுவும் கலம் இவ்வளவு வாயுவைத் தாங்கக்கூடியதல்ல. பீய்ச்சியடித்த தண்ணீர், சுமார் 30 மீட்டர் உயரத்தில் இருந்த குழாய்வாயை எட்டவில்லை.

அடைபட்டிருந்த மூலக்கூறுகளுக்கு வெளியே சுவர் கிடையாது. மீதைல் ஐசோசயனேட் மூலக்கூறு காற்றின் மூலக்கூறைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். குளிர்கால இரவு, மெல்லிய காற்று. நச்சு மேகம் மேலே எழும்பாமல் தரையோடு தரையாகத் தெற்கு நோக்கி ஊர்ந்தது. ஜெயப்பிரகாஷ் நகர், காஜி கேம்ப், ரயில் நிலையம். ஓடியவர்களுக்கு மூச்சு வாங்கியது. வாங்கிய மூச்சோடு நஞ்சும் அதிகம் போயிற்று. உடனடியாக இறந்தோர் 2,259 பேர் என்றது அரசின் முதல் கணக்கு. நஷ்டஈட்டுக் கணக்கில் அது 5,295 ஆயிற்று. பாதிக்கப்பட்டவர்கள் ஐந்தரை லட்சத்துக்கும் மேல்.

போபாலுக்குப் பிறகு 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. ஆனாலும் 2020 மே 7 அதிகாலையில் விசாகப்பட்டினத்தில் எல்ஜி பாலிமர்ஸ் ஆலையின் ஸ்டைரீன் தொட்டி ஒன்று தானாகச் சூடேறி ஆவியைக் கக்கியது. 12 பேர் இறந்தார்கள். மாநில அரசு அமைத்த குழு விசாரித்தபோது, தொட்டியின் வெப்பத்தை அடிப்பகுதியில் மட்டுமே அளந்துவந்தது தெரியவந்தது. மேலே திரவம் கொதித்துக்கொண்டிருந்தபோது கீழே இருந்த மானிக்கு அது தெரிய வழியில்லை.

மூலக்கூறுகளுக்குச் சட்டம் தெரியாது. ஷிஃப்ட் மாறுவதும் தெரியாது. எண்ணிக்கை கூடினால், இடம் குறைந்தால், சூடு ஏறினால் அவை இன்னும் பலமாக முட்டும், அவ்வளவுதான். போபாலில் அந்தக் கணக்கை முள் சரியாகவே காட்டியது. 11 மணிக்கே அதைப் படித்திருந்தால், ஊரை எழுப்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடைத்திருக்கும்.